வடி அடைத்தால், புரதம் தொலைந்தால், பை வெடித்தால்: ஆய்வுகூட மென்சவ்வுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

புரதம் சுத்திகரிக்கும் வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு மென்சவ்வில்தான், அதாவது வடியிலும் டயலிசிஸ் பையிலும் இருக்கும் நுண்துளைப் படலத்தில்தான், வந்து நிற்கும். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு ஆய்வு தொடங்கும் காலத்தில் இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வு செய்யும் பிள்ளைகளை மனதில் வைத்து அறிகுறிப்படி எழுதுகிறேன். கொழும்பில் இருப்பவர்கள் பிழையான வடி வந்தால் ஓடிப்போய் மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்குக் கொட்டேசன் எடுத்து, அனுமதி வாங்கி, பொதி ஏ9 வீதியால் வந்து சேர வாரக்கணக்கில் போகும், அதற்குள் பிரிட்ஜில் வைத்த சாறு பழுதாகிவிடும். ஆகவே புதிதாக வாங்குவதை ஒவ்வொரு பகுதியிலும் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

உதாரணங்களை நம் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் பொருட்களில் இருந்தே எடுக்கிறேன்: முருங்கை விதை, கௌபி, உழுந்து, பப்பாசிப் பால்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் ஒன்று: எதையும் கொட்டாதீர்கள். மேலே தங்கியது, கீழே இறங்கியது, வடியைக் கழுவிய நீர், எல்லாவற்றையும் பெயரும் திகதியும் எழுதி ஐஸில் வையுங்கள். எங்கே பிழைத்தது என்று சொல்லக்கூடியவை அவைதான். அவற்றைக் கொட்டிவிட்டு வந்து கேட்டால் யாராலும் ஊகிக்க மட்டுமே முடியும்.

அறிகுறி 1: வடி அடைபடுகிறது

*ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை*

முதலில் வைத்தது மென்சவ்வுதானா என்று பாருங்கள். வட்டமாக வெட்டி வரும் 47 மில்லிமீற்றர் மென்சவ்வுகளுக்கு இடையே நிறத் தாள் ஒன்று இருக்கும், பெரும்பாலும் நீலம். அது பிரிப்புத் தாள். மென்சவ்வு அந்தத் தாள்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை வட்டம். புதிதாக வரும் பிள்ளைகள் நிறமாக இருப்பதைத்தான் வடி என்று நினைத்து எடுப்பது மிகச் சாதாரணம்.

மென்சவ்வு சரி என்றால் அதன் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் அது நீரை விலக்கும் ரெப்லோன் வகை. கரைப்பான்களையும் காற்றையும் வடிக்க நல்லது, நீர்க்கரைசலுக்குச் சரிவராது. அவசரத்துக்கு 70 வீத எதனோலால் நனைத்து, காயவிடாமல் உடனே நீரால் கழுவிப் பயன்படுத்தலாம். தாங்கல் கரைசலுக்கு (பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) அது பரவாயில்லை. புரதக் கரைசலுக்கு வேண்டாம், மிச்சமிருக்கும் எதனோலே சில புரதங்களைக் கெடுத்துவிடும்.

*தொடங்கியது, பிறகு நின்றுவிட்டது*

பத்தில் எட்டுத் தடவை இது வடியின் குற்றம் இல்லை. மேலே ஊற்றியதுதான் அழுக்கு. இந்த ஒழுங்கில் போங்கள்:

சாற்றை மறுபடி 10,000 ஜி விசையில் (புவியீர்ப்பின் 10,000 மடங்கு) குளிரில் 20 முதல் 30 நிமிடம் சுழற்றுங்கள். இதற்குச் செலவே இல்லை. சுழற்றி முடிந்ததும் ரியூபின் மேல்மட்டத்தைப் பாருங்கள், அங்கே படலம் மிதந்தால் எண்ணெய். முருங்கை விதையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக எண்ணெய் இருக்கலாம், அதை எக்சேனாலோ எதனோலாலோ முதலில் எடுக்காமல் நேரே சாறு பிழிந்தால் எந்த விலை வடியும் அடைக்கும். படலத்தைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் பிப்பெற்றால் எடுங்கள், அடுத்த முறை மாவை எண்ணெய் நீக்கிக் காயவைத்த பிறகு தொடங்குங்கள்.

அதற்கும் அடைத்தால் படிப்படியாக வடியுங்கள்: கண்ணாடி நார் முன்வடி, பிறகு 0.45 மைக்ரோமீற்றர், பிறகு 0.22. நேரே 0.22 இல் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 0.22 என்பது பற்றீரியாவை நீக்குவதற்கு, வெறுமனே தெளிவாக்க 0.45 போதும். நிரலில் (புரதங்களைப் பிரிக்கும் குரோமற்றோகிராபிக் குழாய்) ஏற்றுமுன் துணிக்கை இல்லாமல் இருந்தால் சரி என்பவர்கள் 0.22 க்குப் போகவே தேவையில்லை.

இன்னும் நின்றால் பரப்பு போதவில்லை. 13 மில்லிமீற்றர் சிறிஞ்ச் வடி சில மில்லிலீற்றருக்குத்தான், 25 மில்லிமீற்றருக்கு மாறுங்கள். அழுத்தி முடிக்கலாம் என்று 1 மில்லிலீற்றர் சிறிஞ்சை மாட்டாதீர்கள். சிறிய சிறிஞ்சில் அழுத்தம் கூடும், மென்சவ்வு கிழியும், கிழிந்தபின் கரைசல் சுகமாக இறங்கும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். 10 மில்லிலீற்றரோ அதற்கு மேலோ பாவியுங்கள். கிழிந்ததா என்று சந்தேகம் வந்தால் நனைந்த வடிக்கூடாகக் காற்றைத் தள்ளிப் பாருங்கள்: முழுதாக உள்ள 0.22 வடி நனைந்திருக்கும்போது காற்றை இலகுவில் விடாது, கை எதிர்ப்பை உணரும். குமிழிகள் தாராளமாக வந்தால் அந்த வடியும் அதில் இறங்கியதும் நம்பத்தக்கவை அல்ல.

லீற்றர்க்கணக்கில் வடிக்க வேண்டி, இவ்வளவும் செய்தும் நிற்கிறது என்றால் குறுக்கோட்ட வடிப்புத் தொகுதி (கரைசல் மென்சவ்வின் மேற்பரப்பு வழியே ஓடிக்கொண்டே வடியும் கருவி) வேண்டும். அது பெரிய செலவு. வாங்குமுன் அத்தொகுதி உள்ள வேறு ஆய்வுகூடத்தில் உங்கள் சாற்றையே கொண்டுபோய் ஒரு தடவை ஓட்டிப்பாருங்கள்.

*சாறு இல்லை, தாங்கல் கரைசலே அடைக்கிறது*

இது நம் பக்கத்துக்குரிய சிக்கல். வன்னியில் பல இடங்களில் கிணற்று நீர் வன்மையானது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எல்லோருக்கும் தெரியும். காய்ச்சி வடிக்கும் கருவியில் அதே படிவு கட்டியாகி, கொதிக்கும் நீர் வடித்த நீருக்குள் தெறிக்கத் தொடங்கினால் கல்சியம் உள்ளே வரும். அதில் பொஸ்பேற்றுக் கரைசல் தயாரித்தால் கல்சியம் பொஸ்பேற்று மெல்லிய வெண்தூளாக வீழும், மறுநாள் போத்தலைக் குலுக்கினால் தெரியும். வடித்த நீரின் கடத்துதிறனை அளந்து பாருங்கள், வழக்கத்தை விடக் கூடியிருந்தால் கருவியைச் சுத்தம் செய்ய வேண்டும். வெப்பமாக்கும் கம்பியில் படிவு தடித்திருந்தால் நீங்களே சுரண்டாமல் திருத்துநரைக் கூப்பிடுங்கள், அது மின்சாரமும் நீரும் சேர்ந்த இடம். ஊரில் ஆர்ஓ நிலையங்களில் எடுக்கும் குடிநீரை வடித்த நீருக்குப் பதிலாகப் பாவிக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது குடிக்க நல்லது, ஆனாலும் அதில் உப்பு மிச்சம் உண்டு.

அறிகுறி 2: புரதத்தைக் காணவில்லை

அதிகம் பேரை அழவைப்பது இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

மூன்று ரியூப் எடுங்கள்: வடிக்குமுன் எடுத்து வைத்த மாதிரி, மேலே தங்கியது, கீழே இறங்கியது. மூன்றையும் ஒரே முறையால், ஒரே நாளில், பிராட்போர்ட்டோ (சாயத்தால் புரதம் அளக்கும் முறை) வேறேதோ, அளவிடுங்கள். செறிவை மட்டும் பார்க்காமல் கனவளவால் பெருக்கி மொத்த மில்லிகிராமாகப் பாருங்கள், ஏனென்றால் 10 மில்லிலீற்றர் 1 ஆகச் சுருங்கியபின் செறிவு மூன்று மடங்காகியது என்று சந்தோசப்படுபவர் உண்மையில் பத்தில் ஏழு பங்கை இழந்திருக்கிறார்.

*கீழே இறங்கியதில் இருக்கிறது*

கட்-ஓப் (எவ்வளவு நிறையுள்ள மூலக்கூறை மென்சவ்வு தடுக்கும் என்ற எண்) பிழை. நல்ல விஷயம் என்னவென்றால் புரதம் கையில் இருக்கிறது, சிறிய கட்-ஓப் உள்ள மென்சவ்வில் மறுபடி செறிவாக்கலாம்.

கட்-ஓப் எண்ணை மா அரிக்கும் அரிதட்டின் கண் போல நினைக்கக் கூடாது. 10 கிலோடால்ட்டன் (மூலக்கூற்று நிறையின் அலகு) என்று எழுதியிருந்தால் அந்த அளவுள்ள உருண்டைப் புரதத்தில் பொதுவாக 90 வீதம் மேலே தங்கும் என்று பொருள், மிச்சம் போகும். அதனால் உங்கள் புரதத்தின் நிறையில் பாதிக்குக் கூடாத, முடிந்தால் மூன்றில் ஒன்றான கட்-ஓப் எடுங்கள். 66 கிலோடால்ட்டன் அல்புமினுக்கு 30 போதும், பயம் என்றால் 10. பப்பாசிப் பாலின் பப்பேன் 23 கிலோடால்ட்டன் அளவு, அதற்கு 10. அதற்காக எல்லாவற்றுக்கும் 3 வாங்கினால் போதுமே என்று நினைக்காதீர்கள், அது மிக மெதுவாக இறங்கும், விட்டுவிட வேண்டிய சின்ன அழுக்குகளும் கூடவே தங்கும்.

இந்த இடத்தில் முருங்கை விதைப் புரதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீரைத் தெளிவாக்கும் அந்தப் புரதம் 12 முதல் 14 கிலோடால்ட்டன் அளவு என்று கட்டுரைகளில் பார்த்திருப்பீர்கள். அது சோடியாக இருக்கும்போது உள்ள நிறை, துணையலகு தனித்தனி 6.5 கிலோடால்ட்டன் அளவுதான். எந்த ஆய்வுகூடத்திலும் சுருளாக இருக்கும் சாதாரண டயலிசிஸ் குழாயோ (உப்பு போன்ற சின்ன மூலக்கூறுகளை வெளியே விட்டு நீக்கப் பாவிக்கும் மென்சவ்வுக் குழாய்) 12 முதல் 14 கிலோடால்ட்டன் கட்-ஓப். எண்கள் ஒன்றாக இருப்பதால் பொருந்தும் என்று நினைத்து அதற்குள் போட்டு இரவு முழுக்க வைத்தால், விடிய வெளியே உள்ள 2 லீற்றர் கரைசலில்தான் புரதத்தைத் தேட வேண்டும். இதற்கு 3.5 கிலோடால்ட்டன் குழாய், செறிவாக்க 3 கிலோடால்ட்டன் ரியூப் (மென்சவ்வு பொருத்தியது, மையநீக்கியில் சுழற்றுவது). வேறு வழி இல்லை.

இரண்டு புரதங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கக் கட்-ஓப்பை நம்பியிருந்தால், நிறையில் பத்து மடங்கு வித்தியாசமாவது வேண்டும். 25 ஐயும் 45 ஐயும் 30 கிலோடால்ட்டன் மென்சவ்வால் பிரிக்க முடியாது. அதற்கு நிரல்தான்.

*மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை*

மென்சவ்வில் ஒட்டியிருக்கிறது. பெட்டியில் என்ன பொருள் என்று வாசியுங்கள். நைலோனும் நைத்திரோசெலுலோசும் புரதத்தை இழுத்துப் பிடிப்பவை. வெஸ்ரேண் புளொற் (புரதத்தை மென்சவ்வுக்கு மாற்றிக் கண்டறியும் முறை) செய்ய நைத்திரோசெலுலோசை எடுப்பதே அது புரதத்தைப் பிடித்து வைப்பதால்தான், அதே பொருளில் வடித்துவிட்டுப் புரதம் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது. கலப்பு செலுலோசு எஸ்ரர் என்று எழுதியிருப்பதும் அதே குடும்பம். குரோமற்றோகிராபிக் கரைப்பான் வடிக்க வாங்கிய நைலோன் வடிகள் எல்லா ஆய்வுகூட லாச்சியிலும் கிடக்கும், கைக்கு எட்டுகிறது என்று அதை எடுப்பதுதான் நடக்கிறது.

குறைவாக ஒட்டுபவை: பொலிஈதர்சல்போன், நீர்விரும்பியாக்கிய பிவிடிஎப், செலுலோசு அசற்றேற்று, மீளாக்கிய செலுலோசு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நுண்வடிப்புக்கு 25 மில்லிமீற்றர் பொலிஈதர்சல்போன், செறிவாக்கவும் டயலிசிசுக்கும் மீளாக்கிய செலுலோசு. என் தெரிவு அதுதான்.

நல்ல பொருள் இருந்தும் தொலைந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அளவு: மைக்ரோகிராம்கணக்கில் மட்டும் புரதம் இருந்தால் எந்தப் பரப்பும் அதில் பங்கு கேட்கும், சிறிய வடிக்கு மாறுங்கள், முதலில் இறங்கும் பகுதியைத் தனியாக எடுத்துவிடுங்கள். இரண்டு, ஏற்றம்: முருங்கைப் புரதத்தின் சமமின் புள்ளி (மொத்த ஏற்றம் சுழியாகும் பிஎச்) 10 க்கு மேல், ஆகவே பிஎச் 7 இல் அது பலமான நேர் ஏற்றத்தோடு இருக்கும், மறை ஏற்றமுள்ள எந்தப் பரப்பிலும் போய் ஒட்டும். கரைசலில் சோடியம் குளோரைட்டைக் கூட்டினால் அந்த ஈர்ப்புக் குறையும். வடியைக் கழுவவும் 1 மோலர் உப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள், ஒட்டியதில் ஒரு பகுதி திரும்பி வரும், வந்தால் காரணமும் உறுதியாகும்.

வேறு புரதம் கலந்தால் பரவாயில்லை என்ற வேலைகளில் 1 வீத அல்புமின் கரைசலை மென்சவ்வில் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு உங்கள் மாதிரியை ஊற்றலாம். சுத்திகரிப்பின் கடைசிப் படியில் இதைச் செய்யாதீர்கள், ஜெலில் 66 கிலோடால்ட்டனில் அல்புமின் பட்டை வந்து நிற்கும்.

அறிகுறி 3: தெளிவாக இருந்தது, வெண்மையாகக் கலங்கிவிட்டது

*டயலிசிஸ் பைக்குள் கலங்கினால்*

கௌபி, உழுந்து சாறு என்றால் பயப்பட வேண்டாம். அவரையினத்தின் சேமிப்புப் புரதங்களில் பெரும்பகுதி குளோபியூலின், அவை உப்பில் கரையும், வெறும் நீரில் கரையாது. நீருக்கு எதிராக டயலிசிஸ் செய்தால் உப்பு வெளியேறுகிறது, அவை வீழ்கின்றன. பழுதாகவில்லை. சுழற்றி எடுத்து 0.5 மோலர் சோடியம் குளோரைட்டு உள்ள தாங்கல் கரைசலில் மறுபடி கரையுங்கள். உங்களுக்கு வேண்டியது அல்புமின் பகுதி என்றால் வெண்மையை ஒதுக்கி மேலே உள்ள தெளிவை எடுங்கள்.

*செறிவாக்கும் ரியூபில் கலங்கினால்*

மென்சவ்வுக்குப் பக்கத்தில் புரதம் நெருங்கி ஜெல் போலப் படிகிறது. ஒரேயடியாக 30 நிமிடம் சுழற்றாமல் 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிப்பெற்றால் மெதுவாகக் கலக்கி, மறுபடி சுழற்றுங்கள். பிப்பெற்றின் முனை மென்சவ்வில் படக்கூடாது. இதோடு 150 மில்லிமோலர் உப்பும் 5 முதல் 10 வீதக் கிளிசரோலும் சேர்த்தால் பல புரதங்கள் அடங்கிவிடும், ஆனால் கிளிசரோல் சேர்த்தால் இறங்கும் வேகம் குறையும்.

*அறையில் தெளிவு, குளிரில் கலங்கல்*

பிஎச் ஐப் பாருங்கள். ட்ரிஸ் என்ற தாங்கல் கரைசலின் பிஎச் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.03 மாறும், குளிரக் குளிர ஏறும். சித்திரை வெயிலில் 32 பாகை அறையில் 8.0 என்று சரிசெய்ததைக் குளிர் அறையில் 4 பாகையில் வைத்தால் 8.8 க்குக் கிட்டப் போய்விடும். உங்கள் புரதத்தின் சமமின் புள்ளி 9 இற்குப் பக்கத்தில் என்றால் அது அங்கேயே வீழும். சமமின் புள்ளியில் இருந்து குறைந்தது ஒரு பிஎச் தள்ளி நில்லுங்கள், பாவிக்கப்போகும் வெப்பநிலையிலேயே பிஎச் சரிசெய்யுங்கள். வேறு நாட்டு நெறிமுறையில் அறை வெப்பநிலை என்று எழுதியிருப்பது 20 அல்லது 25 பாகை, நம் அறை அல்ல.

அறிகுறி 4: செறிவாக்கும் ரியூபில் மட்டம் இறங்கவே இல்லை

சுருக்கமாகச் சொல்கிறேன். மையநீக்கியில் இட்டது நிமிடச் சுழற்சியா, ஜி யா? ஆரையைச் சென்ரிமீற்றரில் எடுத்து, சுழற்சி எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118 ஆல் பெருக்கினால் ஜி வரும். 10 சென்ரிமீற்றர் ஆரையில் 6000 சுற்று என்றால் ஏறத்தாழ 4000 ஜி, 4000 சுற்று என்றால் 1800 கூட வராது. பெரிய 15 மில்லிலீற்றர் ரியூப்கள் பல 4000 முதல் 5000 ஜி வரைதான் தாங்கும், கூடவே வரும் தாளில் உள்ள எல்லையைத் தாண்டாதீர்கள்.

சாய்வு ரோட்டர் என்றால் மென்சவ்வின் தட்டைப் பக்கம் அந்தத் தாளில் சொன்ன திசையை நோக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் மென்சவ்வின் முழுப் பரப்பையும் தொடாது. மாதிரியில் ட்ரைற்றன் எக்ஸ்-100 என்ற டிற்றர்ஜன்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் திரள்கள் ஏறத்தாழ 90 கிலோடால்ட்டன், 30 கிலோடால்ட்டன் மென்சவ்வில் இறங்காது, புரதத்தோடு சேர்ந்து அதுவும் செறிவாகிப் பிசினாகும்.

சுழலும்போது அதிர்வு, புதுச் சத்தம், ரோட்டரில் வெடிப்பு அல்லது அரிப்பு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். எடைச் சமநிலையை ஒருமுறை பார்த்து, அது சரியாக இருந்தும் அதிர்ந்தால் திருத்துநர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடாதபடி அறிவித்தல் ஒட்டுங்கள். இதில் விட்டுப்பிடிக்க இடமில்லை, ரோட்டர் உடைந்தால் ஆளுக்கே ஆபத்து.

அறிகுறி 5: டயலிசிஸ் பை வெடிக்கிறது, ஒழுகுகிறது

அமோனியம் சல்பேற்றால் வீழ்த்திய புரதம் என்றால் உள்ளே உப்பு மிகுதி, நீர் உள்ளே பாயும், பை வீங்கும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்றைப் பிதுக்கிவிட்டுக் கட்டுங்கள், கரைசல் வீங்க இடம் விடுங்கள். கட்டுமுன் ஒரு முடிச்சுப் போட்டு நீர் நிரப்பி விரலால் அழுத்திப் பாருங்கள், ஊசித்துளை அப்போதே தெரியும்.

வெடிக்கவில்லை, ஆனால் பழைய குழாய் எல்லா இடமும் ஒழுகுகிறது என்றால் அது நனைத்தபின் காய்ந்திருக்கும் அல்லது பூஞ்சை தின்றிருக்கும். செலுலோசு தானே, நுண்ணுயிர்களுக்கு அது உணவு. வெறுங்கையால் தொடாதீர்கள். புதுக் குழாயை 2 வீத சோடியம் இருகாபனேற்றும் 1 மில்லிமோலர் ஈடிரிஏயும் (உலோக அயன்களைப் பிடிக்கும் சேர்மம்) உள்ள நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, வடித்த நீரில் நன்றாகக் கழுவி, 4 பாகையில் 20 வீத எதனோலில் மூழ்கவைத்து வையுங்கள். முழுச் சுருளையும் கொதிக்கவைக்க வேண்டாம், அந்த மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள். மிச்சம் பொலித்தீனில் மூடி உலர்வாக இருக்கட்டும்.

ஒன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: வைக்கோலில், உக்கும் இலையில் இருந்து பூஞ்சை எடுத்து செலுலேசு நொதியம் சுத்திகரிப்பவர்களுக்குச் செலுலோசுப் பை எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒழுகும். நொதியம் தன் வேலையைச் செய்கிறது. அவர்கள் பொலிஈதர்சல்போன் ரியூபில் தாங்கல் கரைசலை மாற்றி மாற்றி ஊற்றி உப்பு நீக்க வேண்டும்.

அறிகுறி 6: அளவீடு நம்பமுடியாத அளவுக்குக் கூட

வெற்று மாதிரி வையுங்கள்: வெறும் தாங்கல் கரைசலை அதே வடியில் வடித்து அளவிடுங்கள். அதுவும் அளவு காட்டினால் மென்சவ்வில் இருந்து வருகிறது. புது மென்சவ்வுகளில் காயாமல் இருக்கக் கிளிசரோல் பூசியிருப்பார்கள், அது சில புரத அளவீடுகளைக் குழப்பும். செறிவாக்கும் ரியூபை ஒருமுறை நீராலும் ஒருமுறை தாங்கல் கரைசலாலும் சுழற்றிக் கழுவி, காயவிடாமல் மாதிரியை ஊற்றுங்கள். 280 நானோமீற்றரில் மட்டும் கூடுகிறது, பிராட்போர்ட்டில் இல்லை என்றால் ட்ரைற்றனையோ தாவரப் பீனோல்களையோ சந்தேகியுங்கள். முருங்கை, பப்பாசி இலைச் சாறு கபில நிறமாகினால் அது பீனோல்தான், அதை மென்சவ்வு தீர்க்காது, சாறு எடுக்கும்போதே பிவிபிபி (பீனோலைப் பிடிக்கும் கரையாத தூள்) சேர்க்க வேண்டும்.

அறிகுறி 7: புரதம் இருக்கிறது, தொழிற்பாடு இல்லை

மென்சவ்வு சின்னவற்றை வெளியே விட்டுவிட்டது. அமிலேசுக்குக் கல்சியம் வேண்டும், கொதிக்கவைத்த குழாயில் ஈடிரிஏ மிச்சம் இருந்தாலே அது போதும் கல்சியத்தைப் பிடிக்க. பப்பேனுக்குச் சிஸ்ரீன் போன்ற ஒடுக்கி வேண்டும். பேரொட்சிடேசு என்றால் பையைச் சோடியம் ஏசைட்டில் வைத்திருந்தீர்களா என்று பாருங்கள், அது அந்த நொதியத்தை முடக்கும். கீழே இறங்கியதில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்த்து மறுபடி சோதியுங்கள். தொழிற்பாடு திரும்பினால் தொலைந்தது துணைக்காரணி. திரும்பாவிட்டால் வெப்பம். சுழற்றும் நடுவில் கரண்ட் நின்று குளிரூட்டல் போய், ரியூப்கள் உள்ளேயே சூடாகி இருந்ததா என்று அன்று அங்கே நின்றவரைக் கேளுங்கள்.

விநியோகத்தரை அழைக்கும்போது

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால் விநியோகத்தரின் தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. ஆனால் "புரதத்துக்கு வடி வேண்டும்" என்று மட்டும் கேட்டால் கையிருப்பில் உள்ளதைத்தான் அனுப்புவார்கள். புரதத்தின் நிறை, துணையலகு எத்தனை, சமமின் புள்ளி, கரைசலின் பிஎச், உப்பு, டிற்றர்ஜன்ட் அல்லது கரைப்பான் உண்டா, ஒரு தடவைக்கு எத்தனை மில்லிலீற்றர், உங்கள் ரோட்டரின் வகையும் ஆரையும், இவற்றை ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். மூன்று ரியூப் அளவீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். முழுப் பெட்டி வாங்குமுன் இரண்டு மூன்று மாதிரி வடிகள் தரச்சொல்லிக் கேளுங்கள், பலர் தருவார்கள்.